மந்திரப் பள்ளிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழு

1890களின் பிற்பாதி. விக்டோரியா ராணி காலத்து லண்டன். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தாங்கள் பன்னிரண்டு பேரும் ஹாமர்ஸ்மித்தில் பிளைத் ரோடு 36ஆம் எண் கட்டடத்துக்குப் பக்கத்தில் வட்டமாக நிற்பதாக மனதில் நிறுத்துவார்கள் (பக்கத்தில்தான், உள்ளே கூடாது, இந்த வித்தியாசம் அவர்களுக்கு ரொம்ப முக்கியம்). பிறகு வட்டத்தைப் பெரிதாக்கி லண்டனையே சுற்றி நிற்பதாக, அப்புறம் பூமியைச் சுற்றி, கடைசியில் நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே. அங்கே சேர்த்த சக்தியை எடுத்துக்கொண்டு வந்த வழியே படிப்படியாக இறங்கி வர வேண்டும். மொத்தம் ஒரு மணி நேரம். உலகத்தில் இருக்கும் தீயதை நல்லதாக மாற்றுவதுதான் வேலை. அது முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழுவுக்கு ஸ்பியர் என்று பெயர், கோளம் என்று வைத்துக்கொள்ளலாம். நடத்தியவர் ஃபுளோரன்ஸ் ஃபார் என்ற நாடக நடிகை. பன்னிரண்டு பேரும் ஏற்கெனவே ஒரு ரகசியச் சங்கத்தில் இருந்தவர்கள், ஆக இது ரகசியத்துக்குள் ஒரு ரகசியம். 1901இல் அந்தச் சங்கத்துக்குள் வெடித்த சண்டைக்கு இந்த ஒரு மணி நேரம்தான் காரணம். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பிற்பாடு பேர்போன மந்திரவாதியான அலிஸ்டர் குரோலியை நடுவில் உட்காரவைத்துச் சொல்வார்கள், அவர் முகமூடி போட்டுக்கொண்டு வந்த காட்சி அப்படி. என்னைக் கேட்டால் அது பக்கக் கதை. இதைப் பள்ளிக்கூடத்துச் சண்டையாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடுகிறது: பாடம் தீர்ந்துபோன மாணவர்கள், ஊரிலேயே இல்லாத தலைமை ஆசிரியர், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு செயலாளர். எல்லாம் முடிந்த பிறகு கதை யாழ்ப்பாணத்துக்கு வருகிறது, அதனால்தான் எனக்கு இதில் இத்தனை ஆர்வம்.

தேர்வு வைத்து நடத்திய மந்திரம்

சங்கத்தின் பெயர் ஹெர்மெட்டிக் ஆர்டர் ஆஃப் த கோல்டன் டான். 1888இல் லண்டனில் மூன்று பேர் சேர்ந்து தொடங்கினார்கள். வில்லியம் வின் வெஸ்ட்காட் கொரோனர், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி. மேக்கிரிகர் மாத்தர்ஸ் கையில் காசில்லாமல் பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையே கதி என்று கிடந்தவர், சடங்குகளை எழுதியதில் பெரும்பங்கு அவருடையது. வில்லியம் உட்மன் வயதானவர், 1891இலேயே இறந்துபோனார். மூவரும் ஃப்ரீமேசன்கள், அதாவது சடங்கும் படிநிலையும் கொண்ட ஒரு பழைய ரகசியச் சங்கத்துக்காரர்கள். அன்றைய இங்கிலாந்து மேசன் சங்கங்களில் பெண்களுக்கு இடம் கிடையாது. இங்கே ஆணும் பெண்ணும் சமமாகச் சேரலாம், ஒரே தேர்வு, ஒரே பதவி. முதலில் தீட்சை பெற்றவரே ஒரு பெண், மொய்னா பெர்க்சன். தத்துவவாதி ஆன்றி பெர்க்சனின் தங்கை, பிறகு மாத்தர்ஸின் மனைவி.

சேருகிற அன்று கண்ணைக் கட்டி, கறுப்பு அங்கி போட்டு, இடுப்பில் கயிற்றை மூன்று சுற்று சுற்றி உள்ளே கூட்டிப் போவார்கள். ரகசியத்தை வெளியே விட்டால் மின்னல் தாக்கியதுபோல விழுவேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். இவ்வளவு பயமுறுத்தலும் முடிந்து கட்டை அவிழ்த்துவிட்டால் கையில் கிடைப்பது என்ன தெரியுமா? பாடக் குறிப்பு. எபிரேய எழுத்து இருபத்திரண்டும் எழுதிப் பழக வேண்டும், ராசிகள், கிரகங்கள், நான்கு பூதங்கள், கபாலா என்ற யூத மறைஞானத்தில் வரும் மரத்தின் பத்து நிலைகள் எல்லாம் மனப்பாடம். தேர்வு எழுதித் தேறினால்தான் அடுத்த படி. கீழ் வகுப்பில் இப்படி ஐந்து படிகள். அதைத் தாண்டினால் மேல் வகுப்பு, அதற்குத் தனிப் பெயர், தனி அறை, சுவரெல்லாம் வண்ணம் தீட்டிய ஏழு பக்க மண்டபம். அந்த மேல் வகுப்பு இருக்கிறது என்பதே கீழ் வகுப்புக்குத் தெரியக் கூடாது. மேலே போனவர்கள் மந்திரக்கோல், வாள், கிண்ணம், கத்தி, தாயத்து எல்லாவற்றையும் தாங்களே அறுத்து, ஒட்டி, வர்ணம் பூசிச் செய்துகொள்ள வேண்டும், கடையில் வாங்கினால் செல்லாது. தொழிற்பயிற்சி நிலையம் மாதிரிதான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாசகம் உண்டு, பெரும்பாலும் லத்தீனில், சங்கத்துக்குள் அதுவே பெயர். ஃபார் வைத்துக்கொண்டது ஞானிக்கு ஞானம் கொடையாகத் தரப்பட்டது என்கிற மாதிரிப் பொருள் வரும் வாசகம்; முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.எஸ்.டி.டி. கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸ் 1890 மார்ச்சில் சேர்ந்தார், அவர் டி.இ.டி.ஐ. ஃபார் அதே ஆண்டு ஜூலையில். தேயிலை வியாபாரி ஹார்னிமனின் மகள் ஆனி ஹார்னிமனும் அந்தச் சமயத்து ஆள்தான். வேலையில்லாமல் இருந்த மாத்தர்ஸுக்குத் தன் அப்பாவின் அருங்காட்சியகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். பிறகு மாத்தர்ஸ் தம்பதி 1892இல் பாரிஸுக்குக் குடிபோனபோது அவர்களுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்ததும் இவர்தான்.

குரல்

மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் சுவாரசியமானது தெய்வப் பெயர்களை உச்சரிக்கும் முறை. வாயால் சொன்னால் போதாது. மூச்சை ஆழ இழுத்து, அந்தப் பெயரின் எழுத்துகள் நெஞ்சுக்குள் வெள்ளையாக ஒளிர்வதாக நினைத்து, உடம்பு முழுக்க அதிரும்படி ஒரே மூச்சில் மெதுவாக வெளியே விட வேண்டும். அதிர்வித்தல் என்றே அதற்குப் பெயர். மந்திரம் என்றாலே உச்சாடனம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஆங்கிலப் பிரசங்கமும் தேவாலயப் பாட்டும் மட்டும் கேட்டு வளர்ந்த ஒரு லண்டன்காரருக்கு இது புது அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

ஃபாருக்கு இது தண்ணீர் பட்ட பாடு, குரல்தான் அவர் தொழில். 1860இல் பிறந்தவர். அப்பா வில்லியம் ஃபார் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து நோய்க் கணக்குப் போட்ட புள்ளியியலாளர், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் நண்பர், மகளுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். மகள் நடிகையானார், ஒரு நடிகரைக் கல்யாணம் செய்தார், அவர் 1888இல் அமெரிக்காவுக்குப் போனவர் போனவர்தான். 1890 மே மாதம் பெட்ஃபோர்ட் பார்க் என்ற புறநகரில் ஒரு மேய்ப்பர் நாடகத்தில் ஃபார் செய்யுளைச் சொன்ன விதத்தைக் கேட்டு யேட்ஸ் சொக்கிப்போனார். அதே நாடகத்தைப் பார்க்க வந்த பெர்னார்ட் ஷாவும் சொக்கிப்போனார், ஆனால் அவர் சொக்கியது குரலில் மட்டும் இல்லை. யேட்ஸுக்கு ராகம் தாளம் எதுவும் காதில் ஏறாது. இவருக்குப் பாட்டே பிடிக்காது என்றுகூடச் சொல்லலாம், பாடினால் சொல் செத்துவிடுகிறது என்பது அவர் கட்சி. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். விருத்தம் பாடுவதைக் கேட்டிருந்தால் தேடல் அன்றைக்கே முடிந்திருக்கும், ஆனால் அவர் ஊரில் அதற்கு வழியில்லை.

இப்படி இந்த இரண்டு பேருக்கும் நாடகமும் மந்திரமும் ஒரே ஆட்களைக் கொண்டுதான் நடந்தன. 1894இல் லண்டன் அவென்யூ தியேட்டரில் ஃபார் ஒரு நாடகப் பருவம் நடத்தினார், யேட்ஸின் குறுநாடகமும் ஷாவின் புது நாடகமும் மேடையேறின. பணம் போட்டவர் யார் என்று வெளியில் சொல்லவில்லை. போட்டவர் ஆனி ஹார்னிமன். 1899 மே மாதம் டப்ளினில் யேட்ஸின் நாடகத்தில் பாணன் வேடத்துக்கு ஃபாரைத்தான் கூட்டிப்போனார்கள். சங்கத்தில் கற்ற மூச்சும் அதிர்வும் மேடைக்கு வந்ததா, மேடையில் பழகியது சங்கத்துக்குப் போனதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தலைமை ஆசிரியர் ஊரில் இல்லை

ஸ்பியர் குழுவுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்தியப் பொருட்களுக்கு நடுவே ஒரு பழங்கால எகிப்திய ஞானியுடன் தனக்குத் தொடர்பு கிடைத்தது என்று ஃபார் சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அவர் 1896இல் எகிப்திய மந்திரம் பற்றிப் புத்தகமே எழுதியவர், அந்த மியூசியத்தில் பாதி நாளைக் கழித்தவர். கோளத்தின் நடுவில் அந்த எகிப்தியரை வைத்துத்தான் பன்னிரண்டு பேரும் தொடங்கினார்கள். பிற்பாடு அவருக்குப் பதிலாக ஒரு புனிதக் கிண்ணம் வந்தது. முக்கியமான விஷயம், இதற்கு மாத்தர்ஸ் அனுமதி கொடுத்திருந்தார். திருட்டுத்தனமாகத் தொடங்கியதில்லை.

அந்தச் சமயம் பள்ளி இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். 1896 கடைசியில் மாத்தர்ஸ், தனக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த ஹார்னிமனையே சங்கத்தைவிட்டு நீக்கினார். 1897இல் வெஸ்ட்காட் விலகினார். கொரோனர் வேலையில் இருப்பவர் மந்திரசக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சங்கத்தில் இருக்கிறார் என்ற செய்தி மேலதிகாரிகள் காதுக்கு எட்டிவிட்டது. வாடகை வண்டியில் யாரோ விட்டுப்போன காகிதங்களால்தான் வெளியே வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆக லண்டனில் பொறுப்பு ஃபார் தலையில் விழுந்தது. மாத்தர்ஸ் பாரிஸில் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதுவார். மேல் வகுப்பின் முதல் நிலையைத் தாண்டி அதற்கு மேலே இருப்பதாகச் சொன்ன பாடங்கள் எதுவும் லண்டனுக்கு வந்து சேரவில்லை. அவை பூமியில் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் ரகசியத் தலைவர்களிடமிருந்து அவர் மூலமாகத்தான் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

பத்தாம் வகுப்பு வரை ஒழுங்காக நடத்திவிட்டு, பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் பாரிஸிலிருந்து வரும் என்று சொல்லி வருஷக்கணக்காகக் காக்கவைத்தால் நல்ல மாணவர்கள் என்ன செய்வார்கள்? தாங்களே நான்கு பேர் சேர்ந்து படிக்க ஆரம்பிப்பார்கள். ஸ்பியர் அப்படிப்பட்ட குழு என்பது என் வாசிப்பு. இதைச் சதி என்று பார்த்தவர்கள் பாடத்திட்டம் தீர்ந்துபோனதைப் பார்க்கவில்லை.

1900 பிப்ரவரியில் மாத்தர்ஸ் தானாகவே தன் காலடி மண்ணைத் தோண்டினார். சங்கம் தொடங்க அனுமதி கொடுத்ததாக ஜெர்மனியிலிருந்து ஆனா ஸ்ப்ரெங்கல் என்ற பெண்மணி எழுதிய கடிதங்கள் உண்டே, அவை வெஸ்ட்காட் செய்த போலி என்று ஃபாருக்கு ஒரு கடிதம் எழுதினார். வெஸ்ட்காட் பக்கம் லண்டன்காரர்கள் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. எழுதியபோது அவருக்குத் தோன்றவில்லைபோல, அடித்தளம் போலி என்றால் அதன்மேல் நிற்கும் தன் அதிகாரமும் போலிதான் என்று. ஃபார் அதை மறைக்காமல் மற்றவர்களிடம் கொண்டுபோனார். ஏழு பேர் குழு போட்டு விசாரித்தார்கள். மாத்தர்ஸ் ஆதாரம் காட்ட மறுத்தார், அதிகாரம் காட்டினார்.

அப்புறம்தான் குரோலி வருகிறார். ஒழுக்கம் போதாது என்று லண்டன்காரர்கள் மேல் வகுப்பில் சேர்க்க மறுத்த ஆள், பாரிஸுக்குப் போய் மாத்தர்ஸ் கையால் தீட்சை வாங்கிக்கொண்டு வந்தார். ஏப்ரல் 17ஆம் தேதி பிளைத் ரோட்டில் இருந்த சங்கத்து அறைக்குள் புகுந்து பூட்டை மாற்றினார். சங்கத்துக்காரர்கள் வந்து மறுபடி மாற்றினார்கள். 19ஆம் தேதி ஸ்காட்லாந்து மலைநாட்டு உடை, முகத்தில் கறுப்பு முகமூடி, நெஞ்சில் பெரிய தங்கச் சிலுவை, இடுப்பில் கத்தி என்று வந்து நின்றார். உள்ளே யேட்ஸ். வீட்டுக்காரர் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவந்தார், போலீஸ்காரர் போகச் சொன்னார், குரோலி போய்விட்டார். இருபது வருஷமாக மந்திரம் படித்தவர்களின் போர் ஒரு கான்ஸ்டபிளின் ஒரு வார்த்தையில் முடிந்தது. பாரிஸில் மாத்தர்ஸ் காய்ந்த பட்டாணி ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிரியின் பெயர் வைத்துச் சல்லடையில் போட்டுக் குலுக்கினார் என்று குரோலி பிற்பாடு கதை சொன்னார். அவர் சொன்னது என்பதால் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். இருபது என்று மேலே எழுதிவிட்டேன், சங்கத்துக்கு அப்போது வயது பன்னிரண்டுதான். அவர்கள் பேசிய தோரணையில் எனக்கே மறந்துவிட்டது.

பதிவேடு

மாத்தர்ஸ் சங்கத்தைவிட்டுப் போனார். ஹார்னிமன் திரும்பி வந்தார், இந்த முறை செயலாளராக. வந்ததும் முதல் வேலையாகப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். யார் எந்தத் தேர்வு எழுதினார்கள் என்ற குறிப்பு ஒழுங்காக இல்லை. தேர்வே நடந்ததாகத் தெரியவில்லை சில இடங்களில். கூடவே, தனக்குத் தெரியாமல் ஒரு குழு, அதிலும் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே நடத்தும் குழு, வாராவாரம் நடப்பதும் தெரியவந்தது. தேயிலைக் கணக்கு பார்த்து வளர்ந்த குடும்பத்துப் பெண். விடுவாரா?

யேட்ஸ் ஹார்னிமன் பக்கம் நின்றார். 1901 பிப்ரவரி முதல் தேதி செயற்குழு கூடியது, அதில் இவர்கள் இருவரும் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் இன்னொரு பக்கம். 26ஆம் தேதி பொதுக்கூட்டம். அதிலும் குழுக்களுக்கு உரிமை உண்டு என்றே முடிவானது. யேட்ஸ் தன் பொறுப்பிலிருந்து விலகினார் (சங்கத்தை விட்டு விலகவில்லை, இதைக் கவனிக்க வேண்டும்), ஒரு சிறு பிரசுரம் எழுதித் தனியாக அச்சிட்டு உறுப்பினர்களுக்குள் சுற்றுக்கு விட்டார். சங்கம் என்பது ஒரே உயிர், ஒரே உடம்பு. படிநிலையும் தேர்வும்தான் அதை மேலும் கீழுமாகக் கட்டி வைத்திருக்கும் எலும்பு. அதற்குள் தனி உயிரோடு ஒரு குழு வளர்ந்தால் அது உடம்புக்குள் வளரும் நோய், இதுதான் அதன் சாரம். ஃபார் தரப்பு வாதம் எளிமையானது: சின்ன வட்டத்தில் சேர்ந்து வேலை செய்வது ஆரம்பத்திலிருந்து உள்ள வழக்கம், அனுமதி வாங்கித்தான் செய்தோம், யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

யார் சொன்னது சரி? நான் ஃபார் பக்கம், ஆனால் முழு மனதோடு இல்லை.

யேட்ஸ் பேசியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அவரே அந்த வருஷங்களில் அயர்லாந்து தேசியவாதி மாட் கானுடன் சேர்ந்து அயர்லாந்துக்கென்று தனியாக ஒரு மறைஞானச் சங்கம் அமைக்க முயன்றுகொண்டிருந்தார், லாக் கீ ஏரியின் தீவில் இருந்த கோட்டையை அதற்கு இடமாகக் கனவு கண்டார், அதற்குச் சடங்கு எழுத உதவியவர்கள் இதே கோல்டன் டான் ஆட்கள்தான். அடுத்தவர் வீட்டு ரகசியம் நோய், தன் வீட்டு ரகசியம் கவிதை. அதைவிடப் பெரிய ஓட்டை, வெளியாளிடம் மறைப்பதைப் புண்ணியம் என்று பத்து வருஷம் சத்தியம் வாங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் மறைத்தால் மட்டும் பாவம் என்றால் எப்படி? எந்த அபார்ட்மென்ட் சங்கத்திலும் பெரிய வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும், அதில் இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு ஆரம்பித்த சின்னக் குழு ஒன்று இருக்கும், உண்மையான முடிவெல்லாம் சின்னதில்தான் எடுப்பார்கள். கோபம் எப்போதும் விடுபட்ட அந்த இரண்டு பேருக்குத்தான் வரும். ஹார்னிமனின் கோபம் அந்த வகை, அது நியாயமான கோபம்.

ஃபார் பக்கம் முழு மனதோடு நிற்க முடியாததும் இதனால்தான். நீங்கள் மாணவராக இருந்துகொண்டு நான்கு பேரோடு தனியாகப் படித்தால் அது குழுப் படிப்பு. தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு, பொதுத் தேர்வை நழுவவிட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரோடு மட்டும் உட்கார்ந்தால் அது வேறு. ஃபாருக்கு அலுவலக வேலை சலிப்பு, அது தெரிகிறது. சலித்தால் பொறுப்பை ஹார்னிமனிடம் முன்பே கொடுத்திருக்கலாம். அவர் வேலையில் கெட்டிக்காரர் என்பது பிற்பாடு உலகத்துக்கே தெரிந்தது: 1904இல் டப்ளின் அபே தியேட்டரைத் தன் பணத்தில் அமைத்துக் கொடுத்தார், பிறகு மான்செஸ்டரில் கெயிட்டி தியேட்டரை நடத்தினார்.

வெற்றி பெற்ற ஃபார் அதை அனுபவிக்கவும் இல்லை. அந்த ஆண்டுக் கடைசியில் ஹோரஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மோசடித் தம்பதி பாலியல் குற்றத்துக்காக லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நின்றார்கள். கணவருக்குப் பதினைந்து ஆண்டு, மனைவிக்கு ஏழு ஆண்டு சிறை. இவர்கள் பாரிஸில் மாத்தர்ஸை ஏமாற்றிச் சடங்கு ஏடுகளை எடுத்துக்கொண்டு வந்தவர்கள். அந்த மனைவிதான் உண்மையான ஆனா ஸ்ப்ரெங்கல் என்று மாத்தர்ஸ் சில நாள் நம்பியும் இருந்தார். விசாரணையில் கோல்டன் டான் சத்தியப் பிரமாணம் வெட்டவெளிச்சமாக வாசிக்கப்பட்டது, பத்திரிகைகள் சிரித்தன, உறுப்பினர்கள் ஓடினார்கள். 1902 ஜனவரியில் ஃபாரும் விலகினார். சங்கம் பெயர் மாற்றிப் பார்த்தது, 1903இல் இரண்டாக உடைந்தது.

நரம்புக் கருவி

இதற்கு நடுவே ஒரு விஷயம் நடந்தது, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அதுதான். பிப்ரவரியில் ஒருவரையொருவர் எதிர்த்து ஓட்டுப் போட்ட யேட்ஸும் ஃபாரும் அதே 1901இல் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். செய்யுளை எந்தச் சுரத்தில் சொன்னோம் என்பதை ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறது, அதைப் பிடித்து வைக்க வழி என்ன என்று அர்னால்ட் டால்மெட்ஷிடம் போனார்கள். பழைய காலத்து வாத்தியங்களைத் தேடி, பழுது பார்த்து, புதிதாகச் செய்தும் கொடுத்தவர் அவர். பேசும் குரல் எவ்வளவு மேலே கீழே போகுமோ அந்த அளவுக்குள் வரும் அரைச்சுரங்கள் எல்லாம் கிடைக்கும்படி ஒரு நரம்புக் கருவி செய்து கொடுத்தார். சால்டரி என்று பெயர். பாதி சால்டரி, பாதி லையர், யாழின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். ஃபார் அதை மடியில் வைத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நரம்பைத் தொட்டு, பாடாமல், பேசவும் செய்யாமல், செய்யுளைச் சொல்வார். எந்தச் சுரம் என்பதை எழுதியும் வைத்தார்.

ரகசியம் என்று எதுவும் கிடையாது இதில். மண்டபம் எடுத்து, டிக்கெட் விற்று, யேட்ஸ் முன்னால் நின்று விளக்கம் சொல்ல, ஃபார் உட்கார்ந்து வாசித்தார். 1907இல் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போய் ஊர் ஊராக நிகழ்ச்சி செய்தார். 1909இல் பேச்சின் இசை என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு சிறு புத்தகமும் போட்டார். ஷாவுக்குப் பிடிக்கவே இல்லை, இசை விமர்சகராக இருந்தவர் வேறு, கிண்டல் செய்தார். கிரேக்க நாடகங்களில் குழுப்பாட்டை இப்படிச் சொல்லவைத்தபோது லண்டன் ரசிகர்களும் நெளிந்தார்கள் என்பதுதான் உண்மை.

எனக்கு இதில் தோன்றுவது ஒன்றுதான். மூச்சை அடக்கிச் சொல்லை உடம்பில் அதிரவைக்கிற வித்தை கயிறு கட்டி, கண் கட்டி, சத்தியம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அதை நடத்திய பள்ளியை அந்தச் சத்தியமே கொன்றது. வித்தை மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது, பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

மருதனார்மடம்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் லண்டன் வந்திருந்தபோது ஃபாருக்கு அறிமுகமானவர். இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர், தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளின் சீடர், பைபிளுக்குச் சைவ சித்தாந்தக் கண்ணோட்டத்தில் உரை எழுதியவர். மிஷன் பள்ளிகளை விட்டால் வேறு வழியில்லாமல் இருந்த யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி கட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1912இல், ஐம்பத்திரண்டு வயதில், ஃபார் தன் பொருட்களை விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். ஷாவும் யேட்ஸும் எழுதிய கடிதங்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, தன் காலத்துக்குப் பிறகு திறக்கச் சொல்லி கிளிஃபோர்ட் பாக்ஸ் என்ற எழுத்தாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வர் இவர்தான். பிளைத் ரோட்டில் தேர்வுப் பதிவேட்டை நழுவவிட்டவர், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

யேட்ஸ் 1920இல் எழுதிய ஒரு கவிதையில் இவரை நினைத்துக்கொள்கிறார். முகத்தில் சுருக்கம் விழுவதை நண்பர்கள் பார்க்கக் கூடாது என்றுதான் தூர தேசத்துக் கறுத்த தோல் மக்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் நடத்தப் போய்விட்டார் என்கிற தொனி அதில். படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏறக்குறைய முப்பது வருஷப் பழக்கம், கடைசியில் அவர் கண்ணில் பட்டது கண்ணாடியும் சுருக்கமும்தான். அங்கே ஒரு பள்ளி இருந்தது, அதற்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார் என்பது காரணமாகத் தோன்றவில்லை.

1916 கடைசியில் மார்பில் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை செய்தார்கள். 1917 ஏப்ரல் 29ஆம் தேதி கொழும்பில் இறந்தார். இந்து முறைப்படி தகனம் செய்து, சாம்பலைக் களனி ஆற்றில் கரைத்தார்கள். பாக்ஸ் பெட்டியைத் திறந்து கடிதங்களை 1941இல் புத்தகமாகப் போட்டார்.

அவர் போய் நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரிலேயே ஓர் இசைப் பள்ளி வந்தது. மகாராஜபுரம் சந்தானம் கொஞ்ச காலம் அதன் முதல்வராக இருந்தார். இப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு. தகுதி இருந்தால் யாரும் விண்ணப்பம் போடலாம்.